ஆயில் ஃபில்டரைத் தேடி அரை மணி நேரம்: எங்கள் எஸ்யூவி அனுபவம்

ஆயில் மாற்றுவது எனக்குப் புதிதில்லை. முன்பிருந்த சின்னக் காரில் பத்துத் தடவையாவது மாற்றியிருப்பேன். அதில் பானெட்டைத் திறந்தால் ஃபில்டர் கண்ணெதிரே நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏழு சீட் எஸ்யூவியில் கை வைத்தேன். மேலிருந்து டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன், காணோம். வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை லிட்டர், எந்த கிரேடு என்றெல்லாம் போட்டிருந்தது. ஃபில்டர் எங்கே என்று மட்டும் இல்லை.

வழி காட்டியது, அதுவரை பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த புது ஃபில்டர்தான். ஃபில்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று தகர டப்பா மாதிரி முழுசாக வரும், அப்படியே மரையில் திருகி மாட்டலாம். மற்றதில் மடிப்பு மடிப்பான காகிதச் சுருள் மட்டும் வரும். அதற்கான கூடு இன்ஜினிலேயே இருக்கும், மூடியைக் கழற்றிச் சுருளை மட்டும் மாற்ற வேண்டும். பெட்டிக்குள் காகிதச் சுருள் இருந்தால் நட்டுத் தலை வைத்த ஒரு வட்ட மூடியைத் தேட வேண்டும். என்னிடம் இருந்ததோ டப்பா. அப்படியென்றால் இன்ஜினை ஒட்டி அதே பருமனில் ஒரு டப்பா நின்றாக வேண்டும். மேலே இல்லை என்றால் கீழேதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகள் மேல் உட்கார வைத்த பிறகே அடியில் போனேன். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இன்ஜினுக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் தட்டு மூடியிருந்தது. முழுதாகக் கழற்ற வேண்டுமோ என்று மலைத்தேன். தடவிப் பார்த்தபோது அதில் ஒரு சின்னக் கதவு, இரண்டு கிளிப். திறந்தேன். சைலன்சர் பைப்புக்கு ஒரு சாண் தள்ளி, தூசி படிந்து நின்றது ஃபில்டர்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியிருந்ததால் ஆயில் இளஞ்சூட்டில் சுலபமாக இறங்கியது. ஃபில்டர்தான் அசையவில்லை. கை வழுக்கிக்கொண்டே இருந்தது. உப்புத்தாளை டப்பாவைச் சுற்றி, சொரசொரப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி இறுக்கிப் பிடித்துத் திருகினேன். இரண்டாவது முயற்சியில் விட்டுக்கொடுத்தது. ஸ்க்ரூடிரைவரை டப்பாவில் குத்தித் திருப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. தகரம் கிழிந்துபோனால் அப்புறம் பிடிக்கவே இடம் இருக்காது, அது எனக்குப் பிடிக்காத வேலை.

எழுத நினைத்ததே இதைத்தான். பழையதைத் தட்டில் கவிழ்த்துவிட்டுப் புதியதைத் திருகப் போனேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, புதுசுல கறுப்பு வளையம் இருக்கே, பழசுல எங்கே?" என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தேன், இல்லை. பழைய ரப்பர் கேஸ்கட் சூட்டில் இறுகி இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயில் ஈரத்தில் அதுவும் இரும்பும் ஒரே நிறமாகத் தெரிந்தன. நகத்தால் நெம்பி எடுத்தேன். அந்த இடத்தைத் துணியால் துடைத்து, புது வளையத்தில் புது ஆயில் தடவி, வளையம் தொட்டதும் அதற்கு மேல் முக்கால் சுற்று, கையாலேயே. ஃபில்டரின் பக்கவாட்டிலேயே அப்படிப் படம் போட்டிருந்தார்கள்.

மறுமொழி

உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். என் பக்கத்தில் டார்ச் பிடிக்க யாரும் இல்லை. பழைய வளையத்தின் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிட்டேன். மாட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது, நன்றாகவே இறுகும். ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறியதும் இரண்டு ரப்பரும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் பிதுங்கி, ஆயில் பீய்ச்சி அடித்தது. உடனே சாவியைத் திருப்பி நிறுத்தினேன். அதற்குள் தரையெல்லாம் குளம். நல்லவேளை, வண்டி நின்ற இடத்திலேயே நடந்தது. சாலையில் போகும்போது நடந்திருந்தால் இன்ஜினே போயிருக்கும். அன்றிலிருந்து புது ஃபில்டர் மாட்டியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு, நானே குனிந்து அடியில் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் வண்டியை நகர்த்துவேன்.

மறுமொழி

எங்கள் வண்டியில் காகிதச் சுருள் வகை. மூடியில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்கார ஒரு பள்ளம் உண்டு, அதற்குக் கீழே மரை. முதல் தடவை ஓ-ரிங்கை மரைக்குப் பக்கத்தில் தவறான இடத்தில் மாட்டிவிட்டு, ஒரு வாரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். பழையதைக் கழற்றும் முன் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துவிடுங்கள். மூடி பிளாஸ்டிக் என்றால் பலத்தைக் காட்டக் கூடாது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எங்கள் மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் எனப் பொறித்திருக்கிறது. அந்த அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கித்தான் இறுக்குகிறேன்.

மறுமொழி

நான் தவறவிட்டது ஃபில்டரை இல்லை, பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டை. அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போல்ட். கழற்றியதும் வந்த ஆயில் கறுப்பாக இல்லாமல் தெளிவாக இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும். அது கியர்பாக்ஸ் ஆயில். இன்ஜினில் பழைய ஆயில் அப்படியே இருக்க, மேலே நான்கு லிட்டர் ஊற்றிவிட்டேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. அந்த டிப்ஸ்டிக்தான் காப்பாற்றியது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தேன். இன்னொன்று: சில வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் வெளியே டப்பா ஃபில்டர் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி. கழற்றும் முன் அதன் மேல் உள்ள நம்பரைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி (முதலில் எழுதியவர்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து அடியில் நான்கு சொட்டு ஆயில் பார்த்துப் பதறிப்போனேன். ஃபில்டரின் விளிம்பை வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. கழற்றும்போது பிளாஸ்டிக் தட்டின் மேல் வழிந்தது மெதுவாக இறங்கியிருக்கிறது. துடைத்துவிட்டேன், நின்றுவிட்டது. பழைய ஃபில்டரை ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வடியவிட்டு, அந்த ஆயிலையும் சேர்த்துக் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்தாயிற்று.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஃபில்டர் நம்பர், டிரெயின் போல்ட்டின் ஸ்பேனர் அளவு எல்லாம் எழுதி வைத்தேன். சின்னக் கதவு எந்தப் பக்கம் என்று மகள் படம் வரைந்து, கறுப்பு வளையத்துக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டிருக்கிறாள்.