சீனம் கற்க, தமிழ் தெரிந்த ஆசிரியர் சென்னையில் இருக்கிறாரா?

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில் இருக்கும் என் தங்கை மாண்டரின் படிக்கிறாள். ஒரகடத்தில் வேலை, உடன் இருக்கும் சீனப் பொறியாளர்களிடம் நேரடியாகப் பேச ஆசை.

கையில் இருப்பதெல்லாம் ஆங்கிலவழிப் புத்தகங்கள். 'நான் - சாப்பிடு - சோறு' என்ற வரிசை ஆங்கிலம், சீனம் இரண்டுக்கும் பொது என்பதால் ஆரம்பம் சுலபம். ஆனால் ஆங்கில வினை காலத்துக்கேற்ப உருமாறும்; சீன வினை மாறவே மாறாது. 'நேற்று வந்த பையன்' சீனத்தில் அப்படியே நம் வரிசை, ஆங்கிலத்தில் தலைகீழ். ஆமா இல்லையா என்று கேட்கவும் நம் 'வந்தானா' மாதிரி கடைசியில் ஒரு 'மா' சேர்த்தால் போதும். பின்யினில் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) 'b' எழுத்து இருந்தால் அது 'பல்'லில் வரும் நம் 'ப'. 'பஸ்' என்பதன் 'ப' இல்லை. இதையெல்லாம் தமிழை வைத்தே சொல்லித்தந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்!

சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு தொனிகள் (குரலின் ஏற்ற இறக்கங்கள்)தான் பெரும்பாடு. நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே சிவப்பு மையில் குறி போட்டும், வாயில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிடுகின்றன. திருத்த ஆள் வேண்டும்.

வேளச்சேரி, தாம்பரம் பக்கம் வார இறுதியில் சொல்லித்தருபவர் யாராவது தெரியுமா? ஆன்லைன் என்றாலும் சரி. தமிழில் எழுதிய சீன இலக்கணக் குறிப்புகள் இருந்தாலும் தயவுசெய்து பகிருங்கள்.