மண்ணடி ஆபீஸில் ஃபயர்வால் ரவுட்டர் வைத்தபோது பார்த்தது

ராயபுரத்தான் எழுதியது:

பாரிமுனை, மண்ணடி, தம்புசெட்டித் தெரு பக்கம் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் கிளியரிங் ஏஜென்ட், இம்போர்ட் வியாபாரிகள்தான் அதிகம். ஏழெட்டு கம்ப்யூட்டர், ஒரு டேலி மெஷின், கேமராவுக்கு ஒரு டிவிஆர், நெட் கனெக்‌ஷனோடு வந்த மோடம், இவ்வளவுதான் இருக்கும். ஃபயர்வால் (உள்ளே வரும், வெளியே போகும் நெட் போக்குவரத்தை விதிப்படி அனுமதிக்கும், தடுக்கும் காவல்) உண்டா என்று கேட்டால், "அதான் ஆன்ட்டி வைரஸ் போட்டிருக்கோமே" என்பார்கள்.

மண்ணடியில் ஓர் ஆபீஸ். அதன் முதலாளி பாய் சொன்ன புகார் இதுதான்: "தம்பி, நெட் இருக்கு, ஆனா எதுவும் தொறக்க மாட்டேங்குது. பில் ஆஃப் என்ட்ரி ஏத்துறதுக்குள்ள உயிர் போவுது." (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பத்திரம் அது.) கனெக்‌ஷன் கொடுத்தவர் வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டியிருக்கிறார். வேகம் சரியாகவே இருந்ததாம்.

முதலில் மோடத்தின் செட்டிங் பக்கங்களை ஒன்று விடாமல் படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் அதை பிரிட்ஜ் மோடுக்கு (மோடம் லைனை மட்டும் கடத்தும், மற்ற வேலை ரவுட்டருக்கு) மாற்றி, நெட் கம்பெனியின் பிபிபிஓஇ லாகினைப் புது ரவுட்டரில் போட்டேன். உள்ளே பழைய 192.168.1 வரிசையை அப்படியே விட்டுவிட்டேன். எந்த விதியும் எழுதுவதற்கு முன்னால் கனெக்‌ஷன் பட்டியலைத் திறந்தேன். கம்ப்யூட்டர்கள் எல்லாம் 443-ஆம் போர்ட்டுக்கு (வெப்சைட்டுகளுக்கான வாசல் எண்) போய்க்கொண்டிருந்தன, சரி. ஆனால் 192.168.1.108 என்ற ஒரே முகவரியிலிருந்து வரி வரியாக, ஒவ்வொன்றும் வேறு வேறு ஐபிக்கு, அத்தனையும் 23-ஆம் போர்ட்டுக்கு. பட்டியல் நிற்காமல் ஓடியது. அந்த 108, பரணில் தூசி படிந்து கிடந்த டிவிஆர்.

23 என்றால் டெல்நெட், தூரத்திலிருந்து ஒரு பெட்டிக்குள் லாகின் செய்யும் பழைய வழி. கேமரா பதிவு செய்யும் பெட்டிக்கு ஊர் உலகத்தில் எல்லாம் டெல்நெட் தட்டிப் பார்க்கும் வேலை கிடையாது. 2016-ல் மிராய் பாட்நெட் (வைரஸ் பிடித்து வேறொருவர் கட்டுப்பாட்டுக்குப் போன கருவிகளின் கூட்டம்) இப்படித்தான் பரவியது. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைப் பிடித்து, அவற்றை வைத்தே அடுத்ததைத் தேடும். அதே ஆண்டு அதன் சோர்ஸ் கோடும் வெளியாகிவிட்டதால், அதை மாற்றி எழுதிய வகைகள் பிறகு ஏராளமாக வந்தன. மிராய் மெமரியில் மட்டும் தங்கும், ஆஃப் செய்தால் போய்விடும். ஆனால் வழி திறந்தே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால் ஆஃப் செய்து ஆன் செய்ததும் சரியாகிவிட்டது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

வழி எங்கே என்று மோடம் படங்களைப் பார்த்தேன். கேமரா மாட்டியவர் டிஎம்இசட் என்ற கட்டத்தில் டிவிஆர் முகவரியைப் போட்டிருந்தார். மொபைலில் கேமரா தெரிய ஒன்றிரண்டு போர்ட் போதும். டிஎம்இசட் போட்டால் வெளியிலிருந்து வரும் எல்லாமே நேராக அந்தப் பெட்டிக்குப் போகும். ஸ்பீடு டெஸ்ட் நன்றாக வந்த காரணமும் அப்போதுதான் புரிந்தது. வேகம் குறையவில்லை, டிவிஆர் தட்டிய தட்டில் மோடத்தின் கனெக்‌ஷன் டேபிள்தான் நிரம்பிப் போய் புதுக் கனெக்‌ஷனுக்கு இடமில்லாமல் தவித்திருக்கிறது.

பாய் ஒரே பிடியாக நின்றார்: "மொபைல்ல கேமரா தெரியணும் தம்பி. இல்லன்னா ரவுட்டரே வேணாம்." நியாயமான பேச்சு. அவர் போனில் வயர்கார்டு (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை, அதாவது விபிஎன்) போட்டுக் கொடுத்தேன். அதற்கு ஒரே ஒரு யுடிபி போர்ட் போதும், சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே வராது. டிவிஆரை ரீசெட் செய்து, புது ஃபர்ம்வேர் ஏற்றி, பாஸ்வேர்டு மாற்றி, தனி விலானில் (அதே வயரிங்கில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) தள்ளினேன். அங்கிருந்து இன்டர்நெட்டுக்கும் போக முடியாது, டேலி மெஷினுக்கும் போக முடியாது. வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவருக்காக 3389 (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்) வெளியே திறந்திருந்தது. அதையும் மூடி வயர்கார்டுக்கு மாற்றினேன்.

ரவுட்டரின் அட்மின் பக்கம் வெளியிலிருந்து தெரியவே கூடாது. 2018-ல் மைக்ரோடிக் ரவுட்டர்களின் அட்மின் புரோகிராமான வின்பாக்ஸில் ஓட்டை வந்தபோது அதன் 8291 போர்ட்டை வெளியே திறந்து வைத்தவர்கள்தான் மாட்டினார்கள். ஏப்ரலிலேயே திருத்தம் வந்தும் அப்டேட் செய்யாதவர்கள் அத்தனை பேர். யூபிஎன்பி (கருவிகள் தாங்களே போர்ட் திறந்துகொள்ளும் வசதி), டபிள்யூபிஎஸ் (பட்டனோ பின் எண்ணோ வைத்து வைஃபையில் சேரும் வசதி) இரண்டையும் அணையுங்கள். லாக் (என்ன நடந்தது என்ற பதிவு) ரவுட்டருக்குள்ளேயே இருந்தால் கரண்ட் போனதும் அழிந்துவிடும், ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பி வையுங்கள். 2022-ல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதைச் சொன்னால்தான் முதலாளிகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

எம்சி ரோடுக்காரர் எழுதியது:

எங்கள் பக்கம் ஜவுளிக்கடை ஒன்றில் திடீரென்று பாதி கம்ப்யூட்டரில் டேலி வரவில்லை. ஃபயர்வாலைத்தான் திட்டினார்கள். ஐபிகான்ஃபிக் கமாண்ட் அடித்தால் கேட்வே (வெளியே போகும் வாசல்) 192.168.0.1 என்று வருகிறது, எங்கள் ரவுட்டரோ 192.168.10.1. கடைப்பையன் வைஃபை சரியாக எட்டவில்லை என்று வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டைச் சுவர் சாக்கெட்டில் சொருகியிருக்கிறான். அதுவும் ஐபி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. வாசல் பக்கம் எவ்வளவு பலமாக இருந்தாலும் இதைத் தடுக்காது. டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (நாம் அனுமதித்த ரவுட்டர் தவிர வேறெதுவும் ஐபி கொடுக்க விடாத வசதி) உள்ள ஸ்விட்ச் வாங்கிப் போட்டோம்.

திருவொற்றியூர் வாசி எழுதியது:

கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு ஒன்று. நெட் விட்டு விட்டு வந்தால் விதிகளை மாற்றும் முன் நெட் கேபிள் முனையின் ஆர்ஜே45 பின்களைப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும். அப்புறம் ராயபுரம் அண்ணே, ஐபிவி6-ஐ (ஐபி முகவரியின் புது வகை) என்ன செய்தீர்கள்?

ராயபுரத்தான் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பழைய வகையான வி4-ல் நாட் (எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிற்பது) இருப்பதால் வெளியிலிருந்து நேராக வர முடியாது. வி6-ல் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வெளி முகவரியே கிடைக்கும். பல ரவுட்டர்களில் அதற்கு விதிப் பட்டியலும் தனி, வி4-க்கு எழுதியது அங்கே செல்லாது. பாய் ஆபீஸில் வி6-க்கும் அதே வரிசையில் எழுதினேன்: ஏற்கெனவே உள்ளிருந்து தொடங்கிய கனெக்‌ஷனுக்கு அனுமதி, ஐசிஎம்பிவி6-க்கு (வி6 கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவும் பிழை சொல்லவும் அனுப்பும் செய்திகள்) அனுமதி, மீதி எல்லாம் டிராப். ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாக மூடினால் நெட்டே படுத்துவிடும், ஜாக்கிரதை. முடித்ததும் லேப்டாப்பை மொபைல் டேட்டாவில் போட்டு, வெளியிலிருந்து என்மேப்பை (திறந்த போர்ட்டைத் தேடும் கருவி) வி4, வி6 இரண்டு முகவரிக்கும் ஓட்டிப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து சோதித்தால் பாதிதான் தெரியும்.