‘கிரெடிட்’, ‘டியூ’: பாராட்டு மடலில் இதை எப்படி எழுதுவது?

பட்டரவாக்கம்_கணக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில், உலோகத் தகட்டை மெஷினில் அழுத்திப் பாகங்கள் செய்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் கணக்கு பார்க்கிறேன். பத்து வரி ஆங்கிலம் எழுத வேண்டுமென்றால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தது என் குற்றம்.

எங்கள் டூல்ரூம் அண்ணன் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். 34 வருட சர்வீஸ். விழாவுக்குப் புனேயிலிருந்து கஸ்டமர் கம்பெனி ஆட்களும் வருவதால் பாராட்டு மடல் ஆங்கிலத்தில்தான் வேண்டுமாம். அதிலிருந்தே இரண்டு வரி எடுத்து ஷீல்டிலும் போடப் போகிறோம். பாரிமுனைக் கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் மேட்டர் கேட்கிறார்.

அவர் செய்தது சின்ன விஷயமில்லை. 2023 மிக்ஜாம் புயலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல் தானாக வந்து, ஹெல்பர் பையன்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற கருவி) போட்டு, தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சுகளான 14 டைகளையும் மேலே ஏற்றி வைத்தார். மறுநாள் ஷாப்புக்குள் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து யூனிட்டில் டை எல்லாம் துருப்பிடித்து மூன்று மாதம் வேலை நின்றது. எங்களுக்குப் பத்து நாளில் பிரஸ் ஓடியது.

நான் எழுதியது இது: “வி மஸ்ட் கிவ் கிரெடிட் வேர் கிரெடிட் இஸ் டியூ. ஆல் கிரெடிட்ஸ் கோஸ் டு அவர் டூல்ரூம் இன்சார்ஜ். குடோஸ் டு ஹிஸ் டெடிகேஷன். ஹி ஹேஸ் பெய்ட் ஹிஸ் டியூஸ்.”

டிஸ்பாட்ச் தம்பி படித்துவிட்டு, “என்னக்கா, அண்ணன் வண்டி லோனை முடிச்சிட்டாரா?” என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தப்பு எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

குடோஸ் பற்றி மட்டும் எனக்குத் தெரியும். அது கிரேக்கச் சொல், பெருமை என்று அர்த்தம். கடைசியில் இருக்கிற ‘ஸ்’ பன்மை விகுதி இல்லை, சொல்லிலேயே உள்ளது. ‘ஒன் குடோ’ என்று எழுதினால் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். “குடோஸ் டு ஹிம் ஃபார்” என்று போட்டு, என்ன செய்தார் என்பதைப் பின்னால் சேர்க்கலாம்.

ஆனால் ஷீல்டில் வேண்டாம். எங்கள் ஆபீஸ் போர்ட்டலில் குடோஸ் என்று ஒரு பட்டனே இருக்கிறது. அமுக்கினால் 50 பாயிண்ட். போன வருடம் நான் லீவில் இருந்த வாரத்தில் நடந்த வேலைக்கு எனக்கு மூன்று குடோஸ் வந்தது, வேலையைச் செய்தவனுக்கு ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு இப்போது அதுதான் ஞாபகம் வருகிறது.

மந்தைவெளி_பழைய_டெஸ்க்

நான் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் 31 வருடம் டெஸ்க்கில் உட்கார்ந்து அடுத்தவர் வாக்கியத்தை வெட்டியவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளம்மா.

உன் முதல் வரியில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தொனிதான் இடிக்கிறது. நம் ஊரில் “என்ன இருந்தாலும்” என்று ஆரம்பிப்போமே, அந்த வகைத் தொடர் அது. “எங்கள் கேன்டீன் சாப்பாட்டை வாயில் வைக்க முடியாது. என்ன இருந்தாலும் காபி மட்டும் முதல் தரம்.” அந்த “என்ன இருந்தாலும்” வருகிற இடத்தில்தான் ஆங்கிலக்காரன் பெரும்பாலும் “கிரெடிட் வேர் கிரெடிட் இஸ் டியூ” என்பான். முன்னால் ஒரு குறை சொல்லியிருப்பான், இல்லை மனதிலாவது வைத்திருப்பான். 34 வருடம் உழைத்தவருடைய மடலை அதில் ஆரம்பித்தால், ‘இவர் மேல் நமக்கு ஆயிரம் புகார் உண்டு, போகட்டும்’ என்று காதில் விழும். “டு ஹிஸ் கிரெடிட்” என்பதிலும் அந்த வாடை உண்டு. “டு ஹிஸ் கிரெடிட், ஹி நெவர் டிரேங்க் ஆன் டியூட்டி” என்று எழுதிப் பார். டியூட்டி முடிந்த பிறகு என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்பார்கள்.

எங்கள் அலுவலகத்தில் இதைவிட மோசமாக ஒன்று நடந்தது. ஒரு பெரியவர் ஓய்வு பெற்றபோது, புதிதாகச் சேர்ந்த பையன் “லெட் அஸ் கிவ் த டெவில் ஹிஸ் டியூ” என்று மேடையில் வாசித்துவிட்டான். டியூ கொடுப்பது மரியாதைதானே என்று நினைத்திருக்கிறான். பிசாசாகவே இருந்தாலும் அவனுக்கு உரியதைக் கொடு என்பதுதான் அந்தப் பழமொழி. பெரியவர் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

அடுத்தது ‘ஆல் கிரெடிட்ஸ் கோஸ் டு’. இது தமிழ்நாட்டு ஃபேஸ்புக்கின் தேசிய வாக்கியம். பாராட்டு என்ற பொருளில் கிரெடிட்டை எண்ண முடியாது. சர்க்கரை மாதிரி. ஆகவே “ஆல் த கிரெடிட் கோஸ் டு”. படம் முடிந்து திரையில் ஓடுகிற பெயர்ப் பட்டியல்தான் கிரெடிட்ஸ். முன்னால் ஒரு ‘எ’ சேர்த்து “ஹி இஸ் எ கிரெடிட் டு த கம்பெனி” என்றால், கம்பெனிக்குப் பெருமை சேர்ப்பவர் என்று வேறு பொருள். பின்னால் வருகிற ஒட்டுச் சொல்லையும் பார்த்துக்கொள். கிரெடிட் வினையாக வந்தால் பெரும்பாலும் ‘வித்’: “ஹி இஸ் கிரெடிட்டட் வித் சேவிங் த டைஸ்”. பெயராக வந்தால் “கிரெடிட் ஃபார் சேவிங்”.

டியூவும் டியூஸும் வேறு வேறு. ஒருவருக்குச் சேர வேண்டிய மரியாதை ஒருமையில் ‘ஹிஸ் டியூ’. ஃபிளாட் சங்கத்துக்குக் கட்டாமல் வைத்திருப்பது டியூஸ். ‘பெய்ட் ஹிஸ் டியூஸ்’ என்றும் ஒரு வழக்கு இருக்கத்தான் செய்கிறது. கீழே கிடந்து கஷ்டப்பட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தான், சும்மா வரவில்லை என்று பொருள். அது மேலே வருகிற ஆளுக்குச் சொல்வது. வீட்டுக்குப் போகிறவருக்குச் சொன்னால் உன் தம்பி கேட்ட கேள்விதான் வரும்.

தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. கிரெடிட் லத்தீனில் நம்புவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. டியூவும் கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. ஆக அந்த வரி முழுக்கவே கடன் பேச்சுதான். நம்மிடமும் அப்படித்தானே? பாக்கியும் கடன், கடமையும் கடன். நேர்த்திக்கடனை எந்த பேங்க்கிலும் கட்ட முடியாது. காலைக்கடனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என்ன எழுதுவது? நீ கேள்வியிலேயே எழுதிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை, தானாக வந்தது, செயின் பிளாக், 14 டை, இடுப்பளவு தண்ணீர். உன் மடலில் இதில் ஒன்றுகூட இல்லை, டெடிகேஷன் மட்டும் இருக்கிறது. டெடிகேஷன் எல்லா ஷீல்டிலும் இருக்கிறது அம்மா. தேதியைப் போடு, என்ன செய்தார் என்று எழுது. பெயரை மூன்று முறை சரிபார். ஒரு முறை இரங்கல் செய்தியில் பெயரைத் தப்பாக விட்டுவிட்டு நானே அந்த வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறேன்.

ராயபுரம்_டீச்சர்

டெஸ்க் ஐயா சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். “கிரெடிட் வேர் கிரெடிட் இஸ் டியூ” என்ற தொடர் எப்போதும் அரைமனதோடு வருவதில்லை. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குழு வேலைக்கு நானே எழுதுவேன், அதில் குறை எதுவும் இருக்காது. யார் செய்ததோ அவர் பெயரைப் போடு என்பதுதான் அங்கே பொருள். மடலை அதில் தொடங்க வேண்டாம் என்பது சரி.

இதன் வேரைப் பலர் பைபிளில், ரோமருக்கு எழுதிய நிருபம் 13-ஆம் அதிகாரத்தில் காட்டுவார்கள். யார் யாருக்கு எது சேர வேண்டுமோ அதைக் கொடுங்கள் என்று வரும் இடம். 1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்கே ‘டியூஸ்’ என்றே இருக்கிறது. பட்டியலில் முதலில் வரி, அப்புறம் சுங்கம், பயம், கடைசியில்தான் மரியாதை. டிஸ்பாட்ச் தம்பி இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் இரண்டு. அழைப்பிதழில் ‘ஃபெலிசிடேட்’ என்று போடுவீர்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பொன்னாடை கண்ணில் தெரியும். இங்கிலாந்துக்காரருக்கு அது வாழ்த்துவது மட்டும்தான், அதுவும் பழைய வாசனை. புனேக்காரர்களுக்குப் புரியும், இருக்கட்டும். ‘வெல்-டிசர்வ்ட் ரெஸ்ட்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நடுவில் சின்னக் கோடு வேண்டும். ‘ஹிஸ் ரெஸ்ட் இஸ் வெல் டிசர்வ்ட்’ என்று பின்னால் வந்தால் வேண்டாம். ஷீல்டு கடையில் கோட்டை அவர்களாகவே போடுவார்கள், எடுப்பார்கள். புரூஃப் கேட்டு வாங்குங்கள்.

பட்டரவாக்கம்_கணக்கு

எல்லாருக்கும் நன்றி. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஷீல்டுக்கு இப்போது இதுதான்: “ஆன் சண்டே, 3 டிசம்பர் 2023, அன்-ஆஸ்க்ட், ஹி லிஃப்டட் ஃபோர்ட்டீன் டைஸ் அபவ் த ஃப்ளட். வி லாஸ்ட் நன்.” முதலாளி படித்துவிட்டு, “கிரெடிட், டெடிகேஷன் ஒண்ணுமே இல்லையேம்மா?” என்றார். இரண்டாவது முறை படித்தார். “அன்னைக்கு நான் போன்கூடப் பண்ணலை இல்ல?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணனிடம் பெயரின் எழுத்தைச் சரிபார்க்கப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். “ஹின்னு போட்டா நான் ஒருத்தன்தானம்மா? செயினை இழுத்தது அந்தப் பசங்க. எனக்கு அன்னைக்கே தோள்பட்டை போயிருந்துச்சு. அவனுங்க பேரையும் போடு” என்றார்.

ஆகவே ‘ஹி’ என்ற இடத்தில் மூன்று பெயர்கள் வருகின்றன. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் பத்தும் என்கிறார் கடைக்காரர். ஒரு பையன் இங்கேயே இருக்கிறான், ஆதாரைப் பார்த்து எழுதிக்கொண்டேன். இன்னொருவன் வேலையை விட்டு ஒடிசாவுக்கே போய்விட்டான். எங்கள் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அவன் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. எது சரி என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.