பொருள்: டிவியின் ‘பாஸ் த்ரூ’வுக்கு ஒரு தமிழ்ச் சொல்

அனுப்பியது: பாலக்கோடு டிவி கடை

குழுவினருக்கு வணக்கம். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன மாதம் டிவியும் சவுண்ட்பாரும் சேர்த்து வாங்கிப் போனார். முன்னால் வைக்க நீளமான பார், பின்னால் வைக்க இரண்டு சின்னப் பெட்டி, ஒரு சப்வூஃபர். பத்தாம் நாள் கடை வாசலில் நிற்கிறார். “முன்னாடி மட்டுந்தாம்பா பாடுது. பின்னாடி வெச்ச ரெண்டும் ஊமையா ஒக்காந்திருக்கு. டிவி அட்டையிலயும் டால்பி, இதோட அட்டையிலயும் டால்பி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சப்போர்ட் பண்ணும்னு நீதான சொன்ன?”

நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். டிவியின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்று இருந்தது. ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றியதும் பின்பெட்டிகள் வாய் திறந்தன. வேலை ஒரு நிமிடம், விளக்கம் அரை மணி நேரம். கடைசியில் அவர் கேட்டது: “அதெல்லாம் சரி, பாசுத்துரூன்னா என்ன?” என்னிடம் வார்த்தை இல்லை.

வாங்குகிறவர்கள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு தாள் அச்சடிக்கலாம் என்றிருக்கிறேன். கம்பேட்டிபிலிட்டி, பாஸ் த்ரூ இரண்டுக்கும் சொல் வேண்டும். முதலாவதற்கு ‘இணக்கம்’ என்று போட்டால் போதுமா?

அனுப்பியது: ஓசூர்

> முதலாவதற்கு ‘இணக்கம்’ என்று போட்டால் போதுமா?

போதாது அண்ணா. சொல்லில் குறை இல்லை, ‘இணக்கம்’ நல்ல சொல்தான். ஆனால் உங்கள் பெரியவரை ஏமாற்றியது அட்டையில் இருக்கும் ‘சப்போர்ட்’. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வினை ஒளிந்திருக்கிறது. டிவி ஓர் ஒலி வடிவத்தை உள்ளே வாங்கிக்கொள்ளுமா என்பது ஒன்று. வாங்கியதைத் தானே பிரித்துத் தன் ஸ்பீக்கரில் ஒலிக்குமா என்பது இன்னொன்று. பிரிக்காமல் பாருக்கு அனுப்புமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிப் பதில் உண்டு, அட்டையிலோ ஒரே ஒரு சின்னம். ‘சப்போர்ட்’டை எடுத்துவிட்டு ‘இணக்கம்’ என்று ஒட்டினால் அதே குழப்பம் தமிழில் வரும், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரிக்காரனுக்கு மாம்பழம் இல்லாமல் எதுவும் விளங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடிடியிலிருந்து வரும் ஒலி ஆறு வகைப் பழத்தை அடுக்கி ஆணியடித்த பெட்டி என்று வையுங்கள். டிவி அந்தப் பெட்டியைத் தொடாமல் பாருக்கு ஏற்றிவிட்டால் பாஸ் த்ரூ. டிவியே பெட்டியை உடைத்து, எல்லாவற்றையும் கூழாக்கி, இடம் ஒரு டின், வலம் ஒரு டின் என்று அனுப்பினால் அதுதான் பெரியவர் வீட்டு பி.சி.எம். கூழிலிருந்து மல்கோவாவைத் தனியாக எடுக்க முடியாது. சில பார்கள் அந்த இரண்டு டின்னை வைத்தே கற்பனையாக ஏதாவது செய்து பின்பெட்டிக்குக் கொடுக்கும். ஆனால் அது படத்தில் ஒலிக்கலவை செய்தவர் பின்னால் வைத்த ஒலி அல்ல.

ஏன் இரண்டே டின்? கணக்கு சொல்கிறேன், தாளில் போட வேண்டாம். பிரித்த ஒலியில் ஒரு தடத்துக்கு (சேனலுக்கு) நொடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட். இரண்டு தடத்துக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட். ஆறு தடம் என்றால் 46 லட்சத்தைத் தாண்டும். பழைய ஆப்டிகல் வயருக்கும், டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. வயரிலேயே பாருக்கு அனுப்பும் வழியாக 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4-உடன் வந்த ஆர்க்குக்கும் பிரித்த ஒலியில் இரண்டு தடம்தான் வரம்பு. அதே ஆறு தடத்தை டால்பி டிஜிட்டல் பெட்டிக்குள் அமுக்கினால் அதிகபட்சம் 6 லட்சத்து 40 ஆயிரம் பிட். அது தாராளமாகப் போகும். மூடிய பெட்டி நுழைகிற வாசலில் பரப்பி வைத்த சரக்கு நுழையவில்லை.

2017-இல் எச்.டி.எம்.ஐ. 2.1-உடன் வந்த, ஆர்க்கின் அகலமான வடிவமான இ-ஆர்க்கில் இந்த நெருக்கடி இல்லை. எட்டுத் தடம், 24 பிட், நொடிக்கு 1,92,000 மாதிரி என்று பெருக்கிப் பாருங்கள். அதுதான் அட்டையில் போடும் 37 மெகாபிட். ஆகவே இ-ஆர்க்கில் பி.சி.எம். என்றாலும் பல தடம் போக இடமுண்டு. அனுப்புமா என்பது அந்தந்த டிவியைப் பொறுத்தது.

கடையில் உங்களிடம் அடிக்கடி கேட்பார்களே, தலைக்கு மேலிருந்தும் ஒலிப்பது போலத் தரும் டால்பி அட்மாஸுக்கு இ-ஆர்க் கட்டாயமா என்று? ஓடிடிக்குக் கட்டாயமில்லை. அங்கே அட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் பெட்டிக்குள், அந்த வடிவத்தைக் கடத்தத் தெரிந்த டிவி என்றால் சாதா ஆர்க்கிலேயே போய்விடும். ப்ளூரே தட்டில் ட்ரூ எச்.டி. என்ற பெரிய பெட்டிக்குள் வருவதற்குத்தான் இ-ஆர்க் வேண்டும். ஆப்டிகல் வயரில் பிளஸ் போகாது, அதனால் அட்மாஸும் போகாது.

டால்பிக்குப் போட்டியான டி.டி.எஸ். ஒலி வடிவம் தனிக்கதை. எல்ஜி 2020 மாடல்களில் அதை விட்டுவிட்டு 2023-இல் சில மாடல்களில் திரும்பக் கொடுத்தது. பென்டிரைவில் படம் போட்டால் காட்சி ஓடும், சத்தம் வராது என்று வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பார் டி.டி.எஸ். தெரிந்ததாக இருந்தும் நடுவில் இருக்கும் டிவி வாங்கவே மறுத்தால் என்ன செய்வது?

சரி, சொல்லுக்கு வருகிறேன். நாலாபக்கமும் ஒலிக்கும் சரவுண்டுக்குச் ‘சூழொலி’ இருக்கிறது, தொட வேண்டாம். பாஸ் த்ரூவுக்கு என் முன்மொழிவு ‘ஊடுகடத்தல்’. பிடிக்காவிட்டால் ‘பிரியாவிடு’.

அனுப்பியது: காவேரிப்பட்டணம்

தம்பி, ‘ஊடுகடத்தல் வசதி கொண்ட டிவி’ என்று அச்சடித்தால் கர்நாடக எல்லையில் ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியில் மறித்துச் சோதனை போடுவார்கள். மின்கடத்தி என்று இயற்பியலில் நாங்கள் நாள்தோறும் சொல்கிறோம், அதற்கு எந்தப் போலீசும் வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அது வகுப்பறை. இது கடைத் தாள்.

‘பிரியாவிடு’ அதைவிட மோசம். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் பிரியாவிடை விழா நடத்தியிருக்கிறேன், எனக்குக் கண் கலங்குகிறது. இலக்கணமும் இடிக்கிறது. பெட்டி தானாகப் பிரியவில்லை, நாம்தான் பிரிக்கவில்லை. தன்வினை அல்ல, பிறவினை. ‘பிரிக்கா’ என்றுதான் வர வேண்டும். அப்படியானால் ‘பிரிக்காவிடு’, உடனே ‘பிரிக்காவிட்டால் என்ன ஆகும்’ என்று வாசிக்கிறவர் மிரட்டலாக எடுத்துக்கொள்வார்.

மூன்று வினை என்று நீங்கள் பிரித்தது எனக்குப் பிடித்தது. கலைச்சொல் என்றதும் நாம் பெயர்ச்சொல்லைத் தேடி ஓடுகிறோம். டிவி மெனுவில் இருப்பது கட்டளை. ரிமோட் வைத்திருப்பவர் டிவிக்கு ஏவல் இடுகிறார். ஏவலுக்கு நம் மொழியில் பஞ்சமா? ‘வாங்கு’, ‘பிரி’, ‘அனுப்பு’. மூன்றாவதற்கு முன்னால் எப்படி அனுப்பு என்று ஒரு சொல் வந்தால் போதும். ‘உள்ளபடி அனுப்பு’ என்கிறேன் நான். எதிர்ப்பக்கம் ‘பிரித்து அனுப்பு’.

புதிதாக ஒன்றும் படைக்கவில்லையே என்று கோபம் வரலாம். 1916-இல் சேலத்தில் சொல்லாக்கத்துக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டமும் சேலத்துக்குள் அடக்கம், தருமபுரி 1965-இல்தான் பிரிந்தது. வைத்தவர்களில் ஒருவர் ராஜாஜி, உங்கள் ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பிறந்தவர். சங்கத்தின் பெயர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். ‘பரிபாஷை’ இருந்த இடத்தில் இன்று ‘கலைச்சொல்’ உட்கார்ந்திருக்கிறது. அதனால் நாம் இன்று வைப்பதைக் கல்லில் வெட்ட வேண்டியதில்லை.

அனுப்பியது: மொரப்பூர் மைக் செட்

இதற்கு இத்தனை கடிதமா? திருவிழாவில் பம்பைக்காரர் மைக்கை மிக்ஸரில் எந்தக் குமிழையும் திருகாமல் விட்டால் ‘நேரா விட்டாச்சு’ என்போம். ‘நேர்விடல்’ என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் திடீரென்று பம்பை விழும்போது வருகிற நடுக்கம் எந்தச் சவுண்ட்பாரிலும் வராது. அதையும் தாளில் போட்டால் நல்லது. அண்ணன் வியாபாரம் கெடும், வேறொன்றுமில்லை.

அனுப்பியது: ஓசூர்

‘நேர்விடல்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் டிவிப் பக்கம் ‘நேர்’ என்ற உடனே நேரலை ஞாபகம் வருகிறது. கிரிக்கெட் நேரலைக்கு மட்டும் போட வேண்டிய அமைப்பு என்று நாலு பேராவது நினைப்பார்கள்.

டீச்சர் சொன்ன ‘உள்ளபடி அனுப்பு’வைத் தாளுக்கு ஏற்கிறேன். நம் குழுவின் சொற்பட்டியலுக்கு அது போதாது. பொறியாளர்கள் எழுதும்போது ‘உள்ளபடி அனுப்பும் திறன் கொண்ட’ என்று நீட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆங்கிலத்துக்கே போய்விடுவார்கள். அங்கே ‘ஊடுவிடல்’ என்று பதிகிறேன். கடத்தலைக் கைவிட்டுவிட்டேன், ஜூஜூவாடிக்காரர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை, அண்ணா. உள்ளபடி அனுப்பினால் பிரிக்க வேண்டிய பொறுப்பு பாருக்கு வந்துவிடும். அந்த வடிவம் பாருக்குத் தெரியாவிட்டால் மொத்தமும் மௌனம். தனக்கு எதெல்லாம் தெரியும் என்ற பட்டியலை எச்.டி.எம்.ஐ. வழியாகப் பார் டிவியிடம் கொடுக்கும், ‘ஆட்டோ’ என்று வைத்தால் டிவி அதைப் பார்த்து முடிவெடுக்கும். வயதானவர்கள் வீட்டில் அதை முதலில் போட்டுப் பாருங்கள்.

அனுப்பியது: காவேரிப்பட்டணம்

‘ஊடுவிடல்’, மறுப்பில்லை. ‘ஆட்டோ’வுக்குத் ‘தானாக’. இதற்கும் விவாதம் வேண்டுமா?

அனுப்பியது: பாலக்கோடு டிவி கடை

வேண்டாம் டீச்சர். தாளில் ‘தானாக’, ‘உள்ளபடி அனுப்பு’, ‘பிரித்து அனுப்பு’ மூன்றும் மெனுவில் இருக்கும் ஆங்கிலப் பெயருக்கு நேரே ஏறிவிட்டன. ‘சப்போர்ட்’ ஓரிடத்திலும் இல்லை, ‘இணக்க’மும் இல்லை. ஆப்டிகல் வயரில் அட்மாஸ் வராது என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். பம்பையைப் போடவில்லை.

முதல் படி நேற்று அச்சகத்திலிருந்து வந்தது. தலைப்பில் ‘சூலொலி’ என்று அடித்திருக்கிறார்கள். பிரசவ ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. திருத்தக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.