பச்சைக்கிளி என்றால் கிளியா, பூச்சியா?

ஞாயிறு வகுப்புக்காக வேதாகமத்தில் யோவேல் புத்தகத்தின் முதல் அதிகாரம் படிக்கிறேன். நியாயத்தீர்ப்பாக வரும் பூச்சிப் படைக்கு நான்காம் வசனத்தில் நான்கு பெயர்கள்: பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப் பூச்சி. பச்சைக்கிளி என்றதும் பிள்ளைகள் கூண்டுக்கிளியை நினைத்துச் சிரிக்கிறார்கள், எனக்கும் சிரிப்புத்தான்.

மூலமொழியான எபிரெயத்தில் இவை முறையே காசாம், அர்பே, யெலெக், ஹாசீல். இவை நான்கு இனங்களா, ஒரே வெட்டுக்கிளியின் பருவங்களா? யெலெக் இறக்கை முளைக்காத குஞ்சு என்றால், நாகூம் புத்தகம் 3:16இல் அது பறந்துபோகிறதே! 1915இல் எருசலேமைத் தாக்கிய வெட்டுக்கிளிக் கூட்டம் அத்திமரப் பட்டையையும் தின்று கிளைகளை வெளுக்கவைத்தது. அத்திமரம் உரிக்கப்பட்டுக் கிளைகள் வெளுத்ததைச் சொல்லும் யோவேல் 1:7 அப்படியே கண்முன் நிற்கிறது.

எபிரெயமோ பூச்சியியலோ தெரிந்தவர்கள் உதவுங்கள். வெட்டுக்கிளிக் குஞ்சுக்கு உங்கள் ஊர் விவசாயிகள் சொல்லும் பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். வகுப்பு இந்த ஞாயிறே.