குரோமோசோம் 'நிலையாமை' வேண்டாம்: ஒரு மாற்றுச் சொல்

> முன்மூப்பு நோயாளிகளின் செல்களில் காணப்படுவதைக் 'குரோமோசோம் சிதைவு' எனலாமா? 'குரோமோசோம் நிலையாமை' இன்னும் அழகாக இருக்குமா?

ஐயா, இரண்டிலுமே எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முற்பாதியைப் பற்றிய பழைய வழக்கை மறுபடி கிளப்ப வேண்டாம். 'நிறப்புரி' என்று சொல்பவர் அப்படியே எழுதட்டும். இலங்கைப் பாடநூல் வழியில் 'நிறமூர்த்தம்' என்று சொல்பவரும் எழுதட்டும். நான் குரோமோசோம் என்றே எழுதுகிறேன். சிக்கல் பிற்பாதியில்தான்.

'சிதைவு' நடந்து முடிந்ததைச் சொல்கிறது. நமக்கு வேண்டியதோ, செல் பிரியப் பிரியப் புதுப்புது மாற்றங்கள் மளமளவென்று நேர்ந்துகொண்டே இருப்பதைச் சொல்லும் சொல். டவுன் நோய்க்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. பெரும்பாலோருக்கு உடலின் எல்லாச் செல்களிலும் அதே மூன்று. செல்கள் எத்தனை முறை பிரிந்தாலும் பெரும்பாலும் அந்த மூன்று மாறுவதில்லை. பிறழ்வு உண்டு, ஆனால் அது அசையாமல் கிடக்கிறது.

இருபதுகளில் நரையும் முப்பதுகளில் கண்புரையும் வரும் வெர்னர் நோய்க்குறி இதற்கு நேரெதிர். நோயாளியின் தோல் செல்களை வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்திச் சாயமேற்றிப் பார்த்தால், ஒரு கூட்டத்துச் செல்களில் இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டிருக்கும்; பக்கத்துக் கூட்டத்தில் வேறு இரண்டு. ஒரே ஆள், ஒரே தோல், ஆனால் 'இவருடைய குரோமோசோம் அமைப்பு இதுதான்' என்று ஒரு படத்தைக் காட்டிவிட முடியாது. 8ஆம் குரோமோசோமில் உள்ள டபிள்யூ.ஆர்.என். மரபணு பழுதாவதே காரணம் என்பது 1996இல் தெரிந்தது. டி.என்.ஏ.யின் முறுக்கை அவிழ்க்கும் நொதி ஒன்றை ஆக்கும் மரபணு அது. இரட்டிப்பு தடைபட்ட இடங்களைச் சீராக்கவும், குரோமோசோம் முனைகளான டெலோமியர்களைப் பேணவும் அந்த நொதி வேண்டும். அது இல்லாத செல்கள் வளர்ப்புத் தட்டில் ஏறத்தாழ 20 முறை இரட்டித்ததும் ஓய்ந்துவிடுகின்றன.

ப்ளூம் நோய்க்குறியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நொதி பழுது. இங்கே கண்ணாலேயே எண்ணிவிடலாம். இரட்டித்த ஒரு குரோமோசோமின் இரு நகல் இழைகளான குரோமாடிட்களில் ஒன்று கருத்தும் மற்றொன்று வெளிறியும் தெரியும்படி சாயமேற்றும் முறை ஒன்று உண்டு. இரண்டும் துண்டு மாற்றிக்கொண்ட இடங்களில் கருமை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவும். இயல்பான செல்லில் இத்தாவல்கள் பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. ப்ளூம் செல்லில் நாற்பது முதல் நூறு வரை. குரோமோசோம்கள் சதுரங்கப் பலகையை நறுக்கிப் போட்டதுபோல் கிடக்கும். இதில் எதுவும் சிதைந்து போகவில்லை என்பதைக் கவனியுங்கள். துண்டுகள் கைமாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

'நிலையாமை' அழகான சொல்தான். அந்த அழகுதான் இங்கே இடைஞ்சல். திருக்குறளில் அது ஓர் அதிகாரத்தின் பெயர். நாலடியாரில் 'இளமை நிலையாமை' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. மூப்பைப் பற்றிய கட்டுரையில் இச்சொல்லைக் கண்டால் வாசகர் எல்லோருக்கும் பொதுவான விதியை நினைப்பாரே தவிர, சிலருக்கு மட்டும் நேரும் மூலக்கூற்றுப் பழுதை நினைக்கமாட்டார்.

'நிலையின்மை' இதைவிடத் தேவலாம். ஆனால் 'குரோமோசோம் நிலையின்மை' என்றால் குரோமோசோம்தான் தானாக உதிர்கிற பொருள்போலத் தோன்றுகிறது. குறை செல்லின் பராமரிப்பில் இருக்கிறது.

என் முன்மொழிவு: 'குரோமோசோம் பிறழ்வுப்போக்கு'. பிறழ்வு என்பது காணும் மாற்றம். பிறழ்வுப்போக்கு என்பது அதை மேலும் மேலும் உண்டாக்கும் செல்லின் தன்மை. டவுன் செல்லில் இருப்பது முன்னது, வெர்னர் செல்லில் பின்னதும் சேர்ந்திருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

> 'போக்கு' என்றதும் பிறவியிலேயே நோய்க்கு ஆட்படும் தன்மை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்களா? எத்தனை பிறழ்வு என்று எண்ணி எழுதும்போதும் இதையேதான் எழுத வேண்டுமா?

நியாயமான கேள்வி, அம்மா. நோய்க்கு ஆட்படுவதற்கு 'ஏதுநிலை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அது ஆளுக்கு உரியது. பிறழ்வுப்போக்கு செல்லுக்கு உரியது. எண்ணிக்கைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, 'பிறழ்வு வீதம்' என்றே எழுதலாம். "ப்ளூம் செல்லின் பிறழ்வுப்போக்கு மிகுதி, குரோமாடிட் மாற்றங்களின் வீதமே அதற்குச் சான்று." நாக்கு தடுக்கவில்லை.

கடினமான சோதனை, குழந்தைப் பருவத்திலேயே மூப்பின் அடையாளங்கள் தோன்றும் புரோஜீரியாதான். அங்கே பழுதாவது உட்கருவுக்கு உள்ளிருந்து தாங்கல் கொடுக்கும் லாமின் ஏ என்ற புரதம். 2003இல் அதன் மரபணுவில் திடீர்மாற்றம் கண்டறியப்பட்டது. உட்கரு உறை புடைத்துக் கோணலாகிறது, டி.என்.ஏ. சேதம் குவிகிறது. வெர்னர் நோயாளிகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. இக்குழந்தைகளுக்கு அது அரிது. ஆகவே புரோஜீரியா பற்றிய கட்டுரையில் டி.என்.ஏ. சேதத்தைச் சேதம் என்றே எழுதுங்கள். குரோமோசோம் மாற்றங்களை எண்ணிக் காட்டும் இடத்தில் மட்டும் புதுச் சொல் வரட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முயன்றால் கட்டுரை தெளிவிழக்கும்.

அடுத்து, அந்தக் கருமை தாவும் நிகழ்வுக்கு ஒரு பெயர் வேண்டும். 'சகோதரிக் குரோமாடிட் பரிமாற்றம்' என்று முன்பு எழுதியிருந்தீர்கள். சகோதரியை விட்டுவிட்டு 'இணைக் குரோமாடிட் பரிமாற்றம்' என்றால் போதாதா? 'இணை' என்பதைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த குரோமோசோம் சோடிக்கு யாராவது ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் மட்டும் சொல்லுங்கள், வேறு தேடலாம்.