புதுப்பிப்பு: பார்கின்சன் உள்ள அப்பாவுக்கு ஈஈஜி எடுத்தோம், குழப்பம் குறைந்திருக்கிறது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மன்னார்குடி பக்கம் கிராமத்தில் இருக்கும் அப்பா, பார்கின்சனோடு இப்போது நினைவும் தடுமாறி, "மதகுல ஆள் நிக்குது பாரு" என்று ராத்திரியில் எழுந்துவிடுகிறார். டாக்டர் ஈஈஜி (தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எழுதியிருக்கிறார், அது வலிப்புக்குத்தானே என்று கேட்டிருந்தேன்.

தஞ்சாவூரில் எடுத்தோம். வலிப்பின் அடையாளம் இல்லை. கண் மூடி விழித்திருக்கும்போது பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 வரை இருக்க வேண்டிய ஆல்ஃபா அலை அப்பாவுக்கு 7-க்குக் கீழே. அதைவிட மெதுவான தீட்டா அலை அதிகம். பார்கின்சனில் நினைவாற்றல் இறங்கும்போது இப்படி மந்தமாகும், மாத்திரையாலும் ஆகலாம், இதை மட்டும் வைத்து மறதிநோய் என்று முடிவு கட்ட முடியாது என்றார் டாக்டர்.

பலித்தது, "எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் இருக்கான்னு கேளுங்க" என்று இங்கே பதில் எழுதிய அக்காவின் யோசனை. இருந்தது! அது மூளையில் நினைவுக்கு உதவும் ரசாயனமான அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும். வயதானவர்களுக்குக் குழப்பமும் இல்லாத ஆள் தெரிவதும் வரலாம். டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். தயவுசெய்து யாரும் தானாக நிறுத்தாதீர்கள். இப்போது மதகு ஆள் வருவதில்லை. கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சா என்று அவரே விசாரிக்கிறார். நினைவுச் சோதனைக்காகக் கடிகாரம் வரையச் சொன்னால் மட்டும் எண்கள் இன்னும் ஒரே பக்கம் குவிகின்றன, அதற்கு ரிவாஸ்டிக்மின் என்ற நினைவாற்றல் மருந்து தொடங்கியிருக்கிறது.

எதிர்பாராதது: நடுக்கம் கொஞ்சம் கூடியது, எச்சில் வழிவதும். நிறுத்திய அந்த டிரைஹெக்ஸிஃபெனிடில்தான் வாயை உலர வைத்திருந்ததாம்.

ஈஈஜிக்குப் போகிறவர்கள் முந்தின நாளே ஷாம்பு போட்டுத் தலை குளித்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாக ஒட்டாது.